சிரித்த முகம் வாங்கிய வீடு

ரொறன்ரோவில் குளிர் தொடங்கிவிட்டால் மின்சாரக் கொம்பனிக்கு எங்கள் மேல் தனிப் பாசம் வந்துவிடும். கோடை முழுக்க எட்டியும் பார்க்காதவர்கள் மார்கழி பிறந்ததும் கடிதம் மேல் கடிதம் போடுவார்கள். நலமா, வீடு சூடாயிருக்கிறதா, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று விசாரிப்பார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படி விசாரிக்காது. கொம்பனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சேவைக் கட்டணம் போட்டாலும் போடுவார்கள்.

என் அக்கா புருஷன் சிவபாதம் அத்தானுக்கு அந்த மார்கழியில் வந்த கடிதத்தில் ஒரு முகம் அச்சடித்திருந்தது. வட்டமான மஞ்சள் முகம். வாய் கீழே வளைந்து, ஒரு கண்ணில் துளி தொங்கிக்கொண்டு நின்றது. கொம்பனி ஒரு தெருவிலுள்ள வீடுகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, மின்சாரத்தைக் குறைவாகப் பாவிப்பவர்களுக்குச் சிரித்த முகமும், அளவாகப் பாவிப்பவர்களுக்குச் சும்மா முகமும், மிச்சப் பேருக்கு அழுமூஞ்சியும் அனுப்புகிறது. அத்தானுக்கு அழுமூஞ்சி. "உங்கள் தெருவில் உங்களைவிடச் சிறந்த அயலவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்று கீழே புத்தியும் எழுதியிருந்தது.

அத்தான் சொன்னதைச் செய்கிற மனிதர். கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு அயலவர்களிடம் கற்றுக்கொள்ளப் போனார். வலது பக்கத்து வீட்டுக்காரர் புளோரிடாவுக்குப் போயிருந்தார், சித்திரையில்தான் வருவார். இடது பக்கத்து வீடு விற்பனைக்குப் போட்டுப் பூட்டிக்கிடந்தது. எதிர் வீட்டில் புதிதாய் வாங்கியவர்கள் இன்னும் குடிவரவில்லை. மூன்று வாசலிலும் மணியடித்துவிட்டுத் திரும்பி வந்து எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"மச்சான், இந்தத் தெருவில திறமான வீடு ஆளில்லாத வீடுதானாம். அவங்களின்ர கணக்குப்படி நாங்கள் உயிரோட இருக்கிறதுதான் பிழை போல கிடக்கு."

நான் டோர்செட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருக்கிறவன். எங்களுக்குச் சூடு வாடகையோடு சேர்ந்து வரும். வருவதும் வராததும் கட்டடக்காரனின் மனநிலையைப் பொறுத்தது. வந்தால் ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டிய அளவுக்கு வரும். அதனால் மின்சாரக் கட்டண விஷயத்தில் நான் ஒரு முற்றும் துறந்த ஞானி. ஆனால் அத்தானின் வீடு மில்லிக்கனில், தனி வீடு. கட்டியவன் எரிவாயுக் குழாய்க்குக் காசு மிச்சம் பிடித்துவிட்டு, அறைக்கு அறை சுவரடியில் மின்சார ஹீற்றரைப் பூட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அழுமூஞ்சிக்கு அது முதற் காரணம். இரண்டாவது காரணம் கீழே பேஸ்மென்றில் நின்றது.

அது ஒரு கறிவேப்பிலை மரம். அக்கா கமலாம்பிகை அதை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் கன்றாகக் கொண்டுவந்தவ. பிறகு வாளி, பிறகு நீலப் பீப்பாய். கோடையில் பின்வளவில் நிற்கும். புரட்டாதி முடிய நானும் அத்தானும் பிடித்துத் தூக்கிப் பேஸ்மென்ற் அறைக்குள் இறக்குவோம். அங்கே அதற்கென்று ஊதா நிற விளக்கு, அதற்கென்று ஒரு ஹீற்றர். கல்கரியில் இருக்கிற மகன் ஜெனோசன் ரெலிபோனில் வரும்போதெல்லாம் "அப்பா, உது ஜஸ்ற் எ பிளான்ற். தூக்கி எறியுங்கோ" என்பான். அவனுக்கு அந்த மரத்தின் உத்தியோகம் தெரியாது.

அக்காவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டு வந்து, இப்போது ஸ்காபரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறா. என்னைத் தெரியாது. பிள்ளையைத் தெரியாது. அத்தானைப் பாங்கிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து எழும்பி நின்று மரியாதை கொடுப்பா. பேச்சும் நின்றுபோயிற்று. ஒருநாள் அத்தான், இல்லத்துச் சாப்பாட்டில் வாசமே இல்லையென்று, வீட்டு மரத்தில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அக்கா அதை வாங்கினா. காம்பை இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுவையில் இலையெல்லாத்தையும் உருவினா. உருவிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தா.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது? நுனியைக் கிள்ளச் சொன்னா அடிக்கொப்பை முறிச்சுக்கொண்டு வந்து நிக்கிறியள். மரம் தாங்குமே? ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியாது."

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அக்காவுக்கு அத்தான் எப்போதும் 'இஞ்சருங்கோ'தான். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மனுஷன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அதற்கும் திட்டினா. தாதி ஓடிவந்து, "அம்மா கோபமாக இருக்கிறாரே, அமைதிக்கு மருந்து கொடுக்கவா?" என்று கேட்டாள். "ஐயோ வேண்டாம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

அன்றிலிருந்து அத்தான் நாள் தவறாமல் ஒரு கொப்போடு போவார். வேண்டுமென்றே பிழையான கொப்பாகப் பார்த்து முறிப்பார். ஐந்து நிமிடம் திட்டு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக வீட்டுக்கு வருவார். என் அக்காவில் மிச்சமிருந்தது அந்தத் திட்டு மட்டும்தான். பென்சன் காசு இல்லத்துக்குப் போய், மிஞ்சியது மின்சாரத்துக்குப் போதவில்லை. மரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கட்டணத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

அதனால் கொம்பனி நடத்திய கருத்தரங்குக்குப் போனோம். 'குளிர்கால மின்சாரம்: புரிந்துகொள்வோம், குறைப்போம்' என்று வாசலில் பதாகை. மண்டபத்துக்குள் அடுப்படி வெக்கை. வந்தவர்கள் கோட்டைக் கழற்றி, ஸ்வெற்றரைக் கழற்றி, கடைசியில் கதவுகளைத் திறந்து கதிரை வைத்துத் தாங்கினார்கள். சூட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். அதை இங்கிருந்து தொட முடியாதாம், வேறொரு நகரத்தில் ஒரு கணினி பார்த்துக்கொள்கிறதாம். திறந்த கதவால் பனி உள்ளே பறக்க, வாடிக்கையாளர் உறவுப் பணிப்பாளர் ஸ்டெபனி மேடையேறி, வீட்டுக்குள் ஸ்வெற்றர் போடுவதன் அவசியத்தை விளக்கினார்.

"நண்பர்களே, நாங்கள் மின்சாரம் விற்கிறவர்கள் அல்ல. நாங்கள் விற்பது பொறுப்புணர்வு. மின்சாரம் அதோடு இலவசமாக வருகிறது. கட்டணம் மட்டும்தான் மின்சாரத்துக்கு."

முன்வரிசையில் ஒரு சீனப் பெரியவர் எழும்பி, போன வருடம் நான் பாவனையைக் குறைத்தேன், கட்டணம் கூடிவிட்டதே என்று கேட்டார். ஸ்டெபனியின் முகம் மலர்ந்தது.

"அருமையான கேள்வி! நீங்கள் எல்லோரும் சேர்ந்து குறைத்ததால் எங்கள் வருமானம் குறைந்தது. வருமானம் குறைந்ததால் கட்டணத்தைக் கூட்டினோம். ஆகவே அந்த உயர்வு உங்கள் வெற்றி. இந்த வருடம் இன்னும் குறையுங்கள், நாங்களும் ஈடுகொடுப்போம். உங்களுக்காக நீங்களே ஒருமுறை கைதட்டுங்கள்!"

கைதட்டினோம். வேறென்ன செய்வது? போகும்போது ஆளுக்கொரு கம்பளிக் காலுறை தந்தார்கள். ஒரு காலுக்கு மட்டும். மற்றக் காலுக்கானது திட்டத்தை வெற்றிகரமாக முடிப்பவர்களுக்குத்தான் கிடைக்குமாம்.

அடுத்து வீட்டைப் பரிசோதிக்க றிச்சர்ட் என்று ஒரு பொறியியலாளர் வந்தார். தங்கமான மனுஷன். முன்கதவைத் திறந்து அந்த இடத்தில் ஆளுயரக் காற்றாடி ஒன்றைப் பூட்டி, வீட்டிலிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே விட்டார். சூடு எந்த ஓட்டையால் வெளியே போகிறது என்று கண்டுபிடிப்பதற்காக, இருக்கிற சூடு முழுவதையும் வெளியே அனுப்புகிற முறை அது. நாங்கள் இரண்டு பேரும் குசினி அடுப்பருகே கோட்டோடு நடுங்கிக்கொண்டு நிற்க, அவர் சூட்டைச் சிவப்பாகக் காட்டுகிற ஒரு கமராவால் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு போனார். பேஸ்மென்ற் அறைக் கதவுக்கு முன்னால் கமராவில் செக்கச்செவேலென்று விழுந்தது.

றிச்சர்ட் குரலைத் தாழ்த்தினார். "கவலைப்பட வேண்டாம், இப்போது அது சட்டப்படி சரிதானே. ஒரு வீட்டுக்கு நான்கு செடிவரை வைத்திருக்கலாம்" என்று கண்ணடித்தார்.

வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பற்றவைக்காத அத்தான், கஞ்சா என்கிறான் என்று விளங்கியதும் பதறிப்போய்க் கதவைத் திறந்து மரத்தைக் காட்டினார். காட்டியதோடு நிற்காமல் உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் சொன்னார். அக்காவின் மறதி, உருவுகிற கை, திட்டு, எல்லாம். றிச்சர்ட்டின் கண் கலங்கிவிட்டது. "இது மருந்து ஐயா, உண்மையான மருந்து" என்று அத்தானின் தோளைத் தட்டிவிட்டு, அறிக்கையில் 'மருத்துவச் செடி, மிகப் பெரியது' என்று எழுதிக்கொண்டு போனார்.

எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் அக்காவின் விஷயம் வெளியில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது அத்தானின் கட்டளை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் யார் கேட்டாலும், அக்கா லண்டனில் தங்கச்சி வீட்டில் நிற்கிறா என்பார். ஒன்றரை வருடமாக அக்கா லண்டனில் நிற்கிறா. கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

"என்னத்துக்கு அத்தான் அந்த வெள்ளைக்கு எல்லாத்தையும் கொட்டினனீங்கள்?"

"அவன் கோயிலுக்கு வாறேல்லைத்தானே, மச்சான்."

றிச்சர்ட்டின் அறிக்கை தன் வேலையைக் காட்டியது. கொஞ்ச நாளில் கொம்பனியிலிருந்து பளபளவென்று ஒரு கையேடு வந்தது: 'வீட்டில் கஞ்சா வளர்ப்போருக்கான மின்சாரச் சிக்கனம்.' விளக்குகளுக்கு விலைக்கழிவு, வளர்ப்போர் மன்றத்தில் அங்கத்துவம், அத்தோடு அத்தானின் பெயர் போட்ட வரவேற்பு வாழ்த்து. பிழையைத் திருத்த ரெலிபோன் எடுத்தோம். மறுமுனையில் பேசிய பெண் சொன்னாள், கறிவேப்பிலைக்கு எங்களிடம் பிரிவு இல்லை, கஞ்சா, தக்காளி, மீன்தொட்டி, ஊர்வன ஆகிய நான்குதான் உண்டு. ஊர்வனவுக்கு நல்ல சலுகை, பல்லி என்று பதிந்து விடட்டுமா என்று கனிவாகவும் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, பொய் சொல்லேலாது" என்றார் அத்தான். பல்லி விஷயத்தில் அவ்வளவு நேர்மை.

அப்படியானால் உங்கள் மொழி தெரிந்த அதிகாரி ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். எல்லாம் பிழையாய்ப் போனது அங்கேதான்.

வந்தவள் சாம்பவி. இங்கே பிறந்த பிள்ளை, சிரித்த முகம். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மரத்தைக் கண்டதும், "ஓ மை கோட், அங்கிள்! அம்மாவும் வச்சிருக்கிறா, பட் இவ்வளவு பெரிசா இல்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு வாறவ, உங்களைத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். அத்தானின் முகம் அந்த நிமிடமே பூட்டிக்கொண்டது.

சாம்பவி மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அன்ரி எங்க, அங்கிள்?"

"லண்டனில. தங்கச்சியோட."

"நைஸ். அப்ப வீட்டில நீங்கள் மட்டும். மரம் என்னத்துக்கு?"

"கறிக்குத்தான். வேறென்னத்துக்கு?"

"லாஸ்ற் குவெஸ்சன். உங்கட ஃபமிலியில ஆருக்கும் ஹெல்த் இஷ்யூ, அதுக்காக வீட்டில சூடு குறையக் கூடாது எண்டு ஏதும் இருக்கோ? இருந்தாச் சொல்லுங்கோ அங்கிள், நான் இந்தக் கட்டத்தில சரியெண்டு ரிக் பண்ணிவிட்டா உங்கட வீட்டு ஹீற்றரில ஒருத்தரும் கை வைக்கேலாது."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அத்தான் என் காலில் உதைத்தார். உதை என்றால் உதை.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைப் பிள்ளை. நாங்கள் நல்ல சுகம்" என்றார்.

அந்தக் கட்டத்தில் சரி விழவில்லை. மரம் 'உணவு' என்று பதியப்பட்டது. நோயாளி இல்லை, குழந்தை இல்லை, தனி ஆள், நல்ல சுகம். கொம்பனியின் 'அமைதி நேரம்' திட்டத்துக்கு இதைவிட வாய்ப்பான வீடு கிடைக்காது என்று கணினியே சொல்லிற்று. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பூட்டுவார்கள். நகரத்தில் மின்சாரம் தட்டுப்படும் நேரங்களில் கொம்பனி தன் அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டின் சூட்டைக் குறைக்கும். அதற்குப் பதிலாகக் கட்டணத்தில் கழிவு.

"எவ்வளவு குறைப்பினம் பிள்ளை?"

"ரெண்டு டிகிரி, மிஞ்சினா மூண்டு. நீங்கள் ஃபீல் பண்ணவே மாட்டீங்கள். எமர்ஜென்சி எண்டா மட்டும் குழாய் உறையாத அளவுக்குக் குறைப்பினம், பட் அது நடக்கிறதே இல்லை. வீட்டில நிண்டா பெட்டியில இருக்கிற பட்டனை அமத்துங்கோ, திரும்பச் சூடு வந்திடும்."

கழிவு பெரிய கழிவு. அத்தான் ஒப்பம் வைத்தார். கட்டணம் இறங்கிற்று, அடுத்த கடிதத்தில் சும்மா முகம் வந்தது. சூடு குறையும் போதெல்லாம் பெட்டியில் பச்சை நிறத்தில் ஒரு இலை ஒளிரும், அத்தான் போய்ப் பட்டனை அமத்திவிட்டு வருவார். "பார் மச்சான், மரமும் தப்பிச்சுது, நானும் தப்பிச்சன்" என்று எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அந்த மனுஷனை அவ்வளவு சந்தோஷமாக நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

தை மாதக் கடைசியில் பனிப்புயல் வந்தது. அன்றும் கொப்போடு போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவருக்கு வீதி இல்லை. கார் இரண்டு இடத்தில் சறுக்கி, எப்படியோ என் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார். வடக்கே போகும் தெருக்களை மூடிவிட்டார்கள். என் வீட்டில் வழக்கம்போல ஜன்னலைத் திறந்து வைக்கிற வெக்கை. காலையில் ரீவியில் சொன்னார்கள், நகரம் முழுவதும் அவசரகால அமைதி நேரம் என்று. அத்தான் கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு எழும்பினார்.

"மச்சான், பட்டன்."

ரெலிபோன் எடுத்தோம். நீண்ட நேரம் பாட்டுக் கேட்டபிறகு ஓர் இளைஞனின் குரல் வந்தது.

"வீட்டில் யாராவது இருக்கிறார்களா, ஐயா?" என்று கேட்டான்.

"இல்லை, நான் வெளியில் மாட்டிக்கொண்டேன். சூட்டைக் கூட்டிவிடுங்கள்."

"நல்ல செய்தி ஐயா. வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் ஒருவருக்கும் குளிரவில்லை."

"மரத்துக்குக் குளிரும்."

அவன் எதையோ தட்டிப் பார்த்தான். "உங்கள் கோப்பில் 'உணவு' என்று இருக்கிறது. உணவுப் பொருட்களைக் குளிரில் வைப்பதையே நாங்களும் சிபாரிசு செய்கிறோம்."

அத்தான் ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒன்றரை வருடமாக ஒரு தமிழ்ச் சனத்துக்கும் சொல்லாததை அந்த முகம் தெரியாத பொடியனுக்குச் சொன்னார். என் மனைவிக்கு மறதி நோய். அந்த இலையைக் கண்டால்தான் என்னை அறிவாள். அந்த மரம் போனால் நான் போய்விடுவேன். தயவுசெய்து.

"உங்கள் உணர்வு எங்களுக்கு முக்கியம், ஐயா. ஆனால் உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நல்ல சுகம் என்று நீங்களே ஒப்பமிட்டிருக்கிறீர்கள். திருத்துவதென்றால் அதிகாரி வீட்டுக்கு வரவேண்டும். வீதி மூடியிருப்பதால் இப்போது வர முடியாது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வீதி திறக்க இரண்டு நாளாயிற்று. வாசல் பனியை வெட்டிக்கொண்டு உள்ளே போனோம். வாயால் புகை வந்தது. சுவரில் பச்சை இலை பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. பேஸ்மென்றில், ஊதா விளக்கின் கீழே, எல்லா இலையும் கறுத்து நிலத்தில் கொட்டிக் கிடந்தது.

அத்தான் நகத்தால் தண்டைச் சுரண்டினார். மண்ணிறம். கொஞ்சம் கீழே சுரண்டினார். அங்கும் மண்ணிறம். "அடியில எங்கயேனும் பச்சை இருக்கும், அடியில இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி, குந்தியிருந்து பீப்பாயின் மண்மட்டம் வரைக்கும் சுரண்டிக்கொண்டே போனார். பிறகு தன் கோட்டைக் கழற்றிப் பீப்பாயைச் சுற்றிக் கட்டினார். படியில் இருந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். நாளைக்கு அக்காவின் செத்தவீட்டில்கூட நான் இப்படி அழப்போவதில்லை, அதற்குரிய அழுகையை அன்றே அழுதுவிட்டேன்.

அதன் பிறகு அவர் இல்லத்துக்கு வெறுங்கையோடு போனார். அக்கா எழும்பி நின்று மரியாதை கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பா. அத்தானும் பக்கத்தில் இருந்து ஜன்னலைப் பார்ப்பார். மாசி முடியும்வரை மரத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஒரு துளிரும் வரவில்லை.

வந்தது கடிதம்தான். காதுவரைக்கும் வாய் கிழிந்த சிரித்த முகம். அத்தானின் வீடு அந்தப் புயல் நாட்களின் சிறந்த வீடாகத் தெரிவாகியிருக்கிறதாம், பரிசளிப்புக்கு வரவேண்டுமாம். போகவேண்டாம் என்று நான் கத்தினேன். "இல்லை மச்சான், அந்த மனிசி ஸ்டெபனிக்கு நேர சொல்லவேணும். சொன்னா விளங்கிக்கொள்ளுவா" என்றார். சொன்னதைச் செய்கிற மனிதர்கள், சொன்னால் மற்றவர்களுக்கும் விளங்கும் என்று நம்புகிறார்கள்.

அதே மண்டபம், அதே வெக்கை, கதவுகளுக்குக் கதிரை. ஸ்டெபனி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"புயல் நாட்களில் மில்லிக்கனின் மிகக் குறைந்த பாவனை இந்த வீட்டில்! அந்தத் தெருவில் பூட்டிக்கிடக்கிற வீடுகளைக்கூட இது வென்றுவிட்டது. ஆளிருந்தும் ஆளில்லாத வீட்டைப் போல வாழ முடியும் என்று திரு சிவபாதம் நிரூபித்திருக்கிறார். எங்கள் கொம்பனியின் கனவே அதுதான்!"

அத்தானின் கையில் ஒரு சான்றிதழும் மற்றக் காலுக்கான காலுறையும் கொடுத்தார்கள். கூடவே ஒரு தொட்டிச் செடி, பிளாஸ்ரிக். "தண்ணீர் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், சூடு வேண்டாம்" என்று ஸ்டெபனி அதைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஒலிவாங்கியை அத்தானிடம் நீட்டினார். அவர் தமிழில் சொன்னார், பக்கத்தில் நின்ற சாம்பவி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என்ர வீட்டில ஒரு கறிவேப்பிலை நிண்டது. இப்ப இல்லை. குறைஞ்சது அதுதான். வேற ஒண்டும் நான் குறைக்கேல்லை."

சாம்பவியின் குரல் பாதியில் உடைந்தது. ஸ்டெபனி நெஞ்சில் கைவைத்து, "தேவையில்லாததை விட்டுவிடும் துணிவு! கேட்டீர்களா?" என்றார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டிற்று.

கோட்டு மாட்டுகிற இடத்தில் சாம்பவி எங்களை மறித்தாள். கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"அங்கிள், நேற்றுத்தான் அம்மா சொன்னா, அன்ரி லண்டனில இல்லை எண்டு. ஏன் அங்கிள் என்னட்டைச் சொல்லேல்லை? ஒரு ரிக் அங்கிள். ஒரே ஒரு ரிக்."

"கொம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"கோயிலில எல்லாருக்கும் தெரியும் அங்கிள். கன நாளாத் தெரியும். நீங்கள் லண்டன் எண்டு சொல்லேக்க, பாவம் எண்டுதான் தலையாட்டுறவை."

"எல்லாருக்குமோ?" என்று மட்டும் அத்தான் கேட்டார். பிறகு அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு வெளியே நடந்தார். பிளாஸ்ரிக் செடியை நான் வாசல் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன்.

இல்லத்துக்குப் போகும் வழியில் தமிழ்க் கடைத்தொகுதி ஒன்றில் காரை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் ஒரு பக்கற் கறிவேப்பிலையோடு வந்தார். எங்கோ வெயில் நாட்டில் வெட்டிக் கழுவிப் பொதிசெய்தது. பக்கற்றைப் பிரித்து மணந்து பார்த்து, எனக்கும் நீட்டினார். வாசம் கொஞ்சம் இருந்தது. இருந்ததாக இருவரும் சொல்லிக்கொண்டோம்.

அக்கா ஜன்னலடியில் இருந்தா. அத்தான் ஒரு கொப்பை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கினா. இரண்டு விரலால் காம்பைப் பிடித்து ஒரே இழுவை. இலையெல்லாம் மடியில் விழுந்தது. அத்தான் குனிந்து, திட்டுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அக்கா இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. பிழை ஒன்றும் கிடைக்கவில்லை.

"நல்ல இலை, அண்ணை" என்றா. "எவ்வளவு?"

நாற்பது வருடம் 'இஞ்சருங்கோ' என்று கூப்பிட்ட வாய். கடைக்காரனைக் கூப்பிடுவதுபோல அண்ணை என்றது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

"பிறகு தாங்கோ. நான் நாளைக்கும் வருவன்தானே" என்றது அத்தானின் குரல்.

"இல்லை அண்ணை, நான் மறந்துபோவன். எழுதி வையுங்கோ."

அத்தான் கோட்டுப் பைக்குள் தடவினார். மடித்து வைத்திருந்த சான்றிதழ்தான் அகப்பட்டது. சிரித்த முகத்தைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் எழுதப் பேனையைத் திறந்தார்.

"என்ன பேருக்கு எழுத?"

அக்கா யோசித்தா. தன் பெயரைத் தேடுகிறா என்று எனக்குத் தெரிந்தது. மடியிலிருந்த இலைகளை ஒதுக்கி ஒதுக்கி, நெடுநேரம் தேடினா. அது அகப்படவில்லை. பிறகு நிமிர்ந்து, வாழ்நாளில் ஒருமுறையும் வாயால் சொல்லாத பெயரை, முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல, தெளிவாகச் சொன்னா.

"சிவபாதத்தின்ர மனிசி எண்டு எழுதுங்கோ. பின்னேரம் அவர் வருவார், வந்து தருவார்."

அத்தான் அப்படியே எழுதினார்.